குழாயடி வைரவர்

நடராசா: இல்லை அண்ணை, நான் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி. இந்தச் சூலத்தை இதில நட்டது ஆர்?

இளையதம்பி: எந்தச் சூலம்?

நடராசா: எந்தச் சூலமோ? உங்கட மூக்குக்கு முன்னால ஆள் உயரத்துக்கு நிக்குது. எந்தச் சூலம் எண்டு கேக்கிறியள்!

இளையதம்பி: ஓ... இதோ? இது கொல்லன் அடிச்சது.

நடராசா: அடிச்சவனைக் கேக்கேல்லை. நட்டவனைக் கேக்கிறன்.

இளையதம்பி: நட்டது... அது நான்தான் தம்பி. கோவிக்காதை.

நடராசா: ஐயோ அண்ணை! இது குழாய்! எங்கட பொறியியல் பீடத்தின்ர ஆராய்ச்சிக் குழாய்!

இளையதம்பி: குழாய்தான். ஆர் இல்லையெண்டது? குழாயடி வைரவர்.

நடராசா: என்னது?

இளையதம்பி: குழாயடி வைரவர். முல்லைத்தீவு பஸ்காரனுக்கும் தெரியும். "குழாயடி வைரவர் இறங்கு" எண்டுதான் கொண்டக்டர் கத்துறான். உனக்குத்தான் தெரியாது. நீ ஒல்லாந்துக்குப் பரிசு வாங்கப் போட்டாய்.

நடராசா: வீரம்மாக்கா! அந்த மணியை அடிக்காதேங்கோ!

வீரம்மா: அடிக்கலீங்க சின்னய்யா. தொடைச்சுக்கிட்டு இருக்கேன். அதுவா ஆடுது.

நடராசா: துடைக்க வேண்டாம். கழட்டுங்கோ. மணி, பட்டு, மாலை எல்லாத்தையும் கழட்டுங்கோ. ஜீப் வவுனியாவில இருந்து எப்பவோ வெளிக்கிட்டிட்டுது.

வீரம்மா: காணிக்கு எழுத்துக் குடுக்கற அந்தக் கந்தோர் ஐயாவும் அதுலதான் வர்றாருங்களா?

நடராசா: ஓம், வாறார். முதல்ல மணியைக் கழட்டுங்கோ.

இளையதம்பி: கழட்டாதை வீரம்மா. செல்வராசா கட்டின மணி. அவன்ர மகளுக்குக் காய்ச்சல் இறங்கினதுக்குக் கட்டினவன். நீ கழட்டி, திரும்பக் காய்ச்சல் ஏறினா ஆர் பதில் சொல்லுறது? கம்பஸோ?

நடராசா: அண்ணை, வாறது ஆர் தெரியுமோ? ஒல்லாந்தில இருந்து ரெண்டு பேர். எங்கட பீடாதிபதி. அந்த மனுசன் இந்த வெயிலுக்குள்ளயும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருது. வந்து இறங்கினவுடன முதல் என்னத்தைப் பாப்பினம்? சூலத்தை!

இளையதம்பி: பாக்கட்டுமன். பாக்கத்தானே நட்டது.

நடராசா: அவையிட்டப் படம் இருக்கு. நான் அனுப்பின படம். வெறும் நிலம், வெள்ளைக் குழாய், குழாயில நாலு எண்டு இலக்கம். இப்ப இலக்கத்தைக் காணேல்லை! முழுக்கச் சந்தனம்!

வீரம்மா: நாலுங்கற நம்பரு அடியில இருக்குங்க. பொட்டுக்குக் கீழ.

நடராசா: சுரண்டுங்கோ.

வீரம்மா: பொட்டையா?

இளையதம்பி: வீரம்மா, கை வைக்காதை சொல்லிப்போட்டன்.

நடராசா: அண்ணை, நீங்கள் என்னைச் சின்னனில இருந்து தெரிஞ்சவர். நாலு வீடு தள்ளி வளந்தனான். அந்த உரிமையில கேக்கிறன். உங்களுக்கு விசரோ?

இளையதம்பி: அந்த உரிமையில சொல்லுறன். உனக்கு வைரவரின்ர அருமை தெரியாது. என்ர நரைப் பசு காட்டுக்குள்ள போய் வராம விட்டுது. எல்லா இடமும் தேடினனான். சிறுத்தை கொண்டுபோட்டுது எண்டு மனுசி ஒப்பாரி வைக்காத குறை. கடைசியில இதில வந்து, "வைரவா, மாடு வந்தா உனக்குச் சூலம்" எண்டன். அடுத்த நாள் வீட்டுப் படலையில நிக்குது. கன்றோட!

நடராசா: மாடு கன்று போடப் போனது. போட்டிட்டு வந்தது.

இளையதம்பி: போட்டிட்டு வராமலும் விட்டிருக்கலாமே?

நடராசா: கடவுளே...

இளையதம்பி: பாத்தியோ, இதில நிண்டா உன்ர வாயிலயும் வருது.

நடராசா: கேளுங்கோ. ஒருக்கா வடிவாக் கேளுங்கோ. உலகத்தில எத்தினை பல்கலைக்கழகம், எத்தினை கம்பஸ் இருக்கு? அதுக்குள்ள இந்த வருசத்துச் சிறந்த ஆராய்ச்சி எண்டு ஒல்லாந்துச் சங்கம் தெரிஞ்சது எங்கட பொறியியல் பீடத்தை. எங்கட பீடத்தில எதை? இந்தப் பாத்தியை. இந்தப் பாத்தியில எதை? இந்தக் குழாயை!

இளையதம்பி: அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன். சக்தி இருக்கு.

நடராசா: சக்தி இல்லை! சேறும் உமியும்!

இளையதம்பி: சத்தம் போடாதை. சந்நிதானம்.

நடராசா: இந்த மேட்டில மாரி மழை பெய்யுது. பெய்த தண்ணி நிக்குதோ? இல்லை. கிறவல் மண்ணுக்குள்ளால இறங்கிப் போகுது. அதுதான் ஒரு முழத்துக்குக் கீழ, குளத்துச் சேறும் உமியும் கலந்து ஒரு படை போட்டனாங்கள். தண்ணி கீழ இறங்காமத் தாங்கிப் பிடிக்க. படை போட்ட இடத்தில இந்தக் குழாய். போடாத இடத்தில அந்தா, அந்த மூண்டு குழாய், ஒப்பிட்டுப் பாக்க. போன வருசம் ஆனியில அந்த மூண்டும் காஞ்சு போச்சு. இது மட்டும் ஆவணி முடியுமட்டும் ஈரமா நிண்டது. ஏன்?

இளையதம்பி: அந்த மூண்டையும் ஒருத்தரும் கும்பிடேல்லை.

நடராசா: அண்ணை!

இளையதம்பி: சரி, நீ சொல்லு.

நடராசா: சொல்லமாட்டன். உங்களுக்கு இனிச் சொல்லவே மாட்டன்.

வீரம்மா: சின்னய்யா, அந்தக் கந்தோர் ஐயா இன்னிக்கே சொல்லிருவாருங்களா? இல்ல, போய்த்தான் சொல்லுவாரா?

நடராசா: நான் வந்ததில இருந்து இதோட மூண்டு தரம் கேட்டிட்டியள் வீரம்மாக்கா.

வீரம்மா: நீங்க இன்னும் ஒரு தரமும் சொல்லலீங்களே.

நடராசா: வெள்ளைக்காரர் இந்தக் குழாய்க்குள்ள கோலை விட்டுப் பாப்பினம். கோல் நனைஞ்சு வந்தா இந்த மேடு பயிர் வைக்கக்கூடிய நிலம் எண்டு அவையே சொல்லுவினம். உலகம் ஒத்துக்கொண்டதைக் காணிக் கந்தோர் மறுக்கேலாது. உங்கட குடிசையள் நிக்கிற துண்டுகளுக்குப் பேர்மிட் எழுதத்தான் வேணும். போதுமோ?

வீரம்மா: நனையலேன்னா?

நடராசா: நனையும்.

வீரம்மா: நனையலேன்னா, மழைக்கு முந்திக் குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போயிறணும்னு சொல்லிட்டாங்க. வெள்ளாமைக்கு ஆகாத நெலமாம். காட்டோட சேத்துடப் போறாங்களாம்.

இளையதம்பி: எங்க போறது? திரும்பவும் தேயிலைத் தோட்டத்துக்கோ?

வீரம்மா: எப்படிங்க போறது? எழுவத்தேழு கலவரத்துல நாங்க இருந்த லயத்தக் கொளுத்திட்டாங்களே. பானை ஒண்ணத் தலையில வச்சுக்கிட்டு ஓடியாந்த ஆளுங்க நாங்க. இனி எந்த ஊருக்கு ஓடுறது?

இளையதம்பி: அதுதான் நானும் சொல்லுறன். இந்தச் சனம் எழும்பிப் போனா எனக்கு வயலில அரிவி வெட்ட ஆர் வாறது?

நடராசா: உங்கட கவலை அது.

இளையதம்பி: ஓம், அதுதான். ஒளிப்பு மறைப்பு இல்லை. நான் குனிஞ்சு வெட்டுற வயது போட்டுது. என்ர பெடியள் கிளிநொச்சியில கடை வச்சிருக்கிறாங்கள். வயலுக்குள்ள கால் வைக்கமாட்டாங்கள். இதுகள் மேட்டில இருந்தா எனக்கும் நல்லது, இதுகளுக்கும் நல்லது.

வீரம்மா: எங்களுக்குப் பேர்மிட் எழுத்து வந்தா நல்லதுங்க. அது வராட்டி உங்களுக்கு மட்டுந்தான் நல்லது.

இளையதம்பி: பாத்தியோ கதையை! வரேக்க வாய் திறக்காதவள்.

வீரம்மா: வரும்போது பசிங்க.

நடராசா: நேரம் போகுது! ஆரும் ஒரு வேலையும் செய்யிறியள் இல்லை! வீரம்மாக்கா, இந்தக் கொப்பு குழையெல்லாத்தையும் அள்ளி அங்கால போடுங்கோ. ஒரு வண்டில் குழை கிடக்கு. பாம்பு கிடந்தாலும் தெரியாது.

இளையதம்பி: குழையில தொடாதை.

நடராசா: அதுகுமோ?

இளையதம்பி: அதுதான் முதல். சூலம் பேந்து வந்தது. குழைதான் முதல் வந்தது.

நடராசா: தெரியும். நான் கடைசியா வந்தது போன ஆவணி. அப்ப ஒரு கல்லும் நாலு குழையும் கிடந்தது. மாட்டுக்காரர் ஆரோ வச்சது எண்டு விட்டிட்டன். இப்ப வந்து பாத்தா ஒரு கோயில் நிக்குது! முதல் குழையை வச்சது ஆர்?

இளையதம்பி: கேக்கக் கூடாது.

நடராசா: ஏன் கூடாது?

இளையதம்பி: நீ வன்னியிலதானே வளந்தனீ? காட்டுப் பாதையில ஒரு கல்லில குழை கிடந்தா, பேசாம ஒரு கொப்பை முறிச்சு வச்சிட்டுப் போறது. ஆனை, சிறுத்தை வராம வழி விடும். ஆர் முதல் வச்சது, எப்ப வச்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. உன்ர கொப்பரும் கேக்கேல்லை. வச்சவர்.

நடராசா: நான் கேக்கிறன். முதல் வச்சது ஆர்?

வீரம்மா: கேக்கக் கூடாதுங்களாம் சின்னய்யா.

நடராசா: நீங்களுமோ?

இளையதம்பி: நீயும் ஒண்டு வையன். அந்தா பாலை மரம். ஒரு கொப்பு முறி. வச்சிட்டு நில். வெள்ளைக்காரன் என்ன கேட்டாலும் வாயில பதில் வரும்.

நடராசா: நான் வைக்கமாட்டன். நான் பொறியியலாளன். என்ர ஆராய்ச்சிக் குழாய்க்கு நானே குழை வைக்கிறதோ? ஆராவது கேட்டாச் சிரிப்பினம்!

இளையதம்பி: கைதானே, கழண்டு போகாது.

நடராசா: வைக்கமாட்டன் எண்டால் வைக்கமாட்டன்!

இளையதம்பி: சரி சரி. சூலம்தானே உனக்கு இடைஞ்சல்? அதைச் சூலம் எண்டு ஏன் சொல்லுறாய்? காத்தளக்கிற கருவி எண்டு சொல்லன். மூண்டு முனை. ஒண்டு காத்துக்கு, ஒண்டு மழைக்கு, ஒண்டு வெயிலுக்கு.

நடராசா: பொய் சொல்லச் சொல்லுறியளோ? ஆராய்ச்சியில பொய் சொல்லலாமோ அண்ணை?

இளையதம்பி: மணியை என்ன சொல்லலாம் எண்டு யோசிக்கிறன்...

நடராசா: ஒண்டும் யோசிக்க வேண்டாம்!

இளையதம்பி: வெள்ளைக்காரர் சப்பாத்தை எங்க கழட்டிறது? அந்த வேலிக்கரையில ஒரு பலகை போட்டு விடட்டோ?

நடராசா: அவை சப்பாத்துக் கழட்ட மாட்டினம்!

இளையதம்பி: கழட்டாம உள்ள விட ஏலாது. ஒல்லாந்து எண்டாலும் சரி, லண்டன் எண்டாலும் சரி.

வீரம்மா: மொதல்ல கோல விட்டுப் பாக்கட்டுங்க. கோலுக்குச் செருப்பு இல்லதானே.

நடராசா: வீரம்மாக்கா, உங்களுக்கு இது பகிடியாக் கிடக்கு.

வீரம்மா: இல்லீங்க. பயமாக் கெடக்கு.

இளையதம்பி: இதில என்ன பயம்? இவ்வளவு சனம் நேர்த்தி வச்ச இடம் கைவிடாது. நான் சூலம் வச்சன். மனுசி பட்டுச் சாத்தினவள். செல்வராசா மணி. வீரம்மாதான் பாவம், ஒண்டுமில்லாதவள். அவளும் விட்டாளோ? ஒரு குடம் தண்ணி. நாள் தவறாம. காய்ச்சல் எண்டாலும் வந்து ஊத்திப்போட்டுத்தான் மற்ற வேலை. அப்பிடிப் பக்தி.

நடராசா: என்ன தண்ணி?

இளையதம்பி: குளத்துத் தண்ணி. குளிர்த்தி. சாமிக்குக் குளிர்த்தி செய்தா மழை வரும், வருத்தம் இறங்கும்.

நடராசா: எங்க ஊத்துறது?

இளையதம்பி: சாமின்ர தலையிலதான். பேந்தென்ன, எங்கட தலையிலயோ?

நடராசா: இந்தக் குழாயிலயோ?

இளையதம்பி: மூடியில ஊத்தினா வழிஞ்சு சுத்தவரப் போகும்.

நடராசா: ஆராய்ச்சிக் குழாயில... ஈரம் அளக்கிற குழாயில... தண்ணி ஊத்தினீங்களோ?

இளையதம்பி: சாமிக்குத் தண்ணி ஊத்தாம மண்ணெண்ணெயோ ஊத்துறது? தம்பி? என்னடாப்பா, முகம் வெளிறிப் போச்சு? வீரம்மா, ஒரு வாய் தண்ணி குடு.

நடராசா: தண்ணி வேண்டாம்! இனி ஒருத்தரும் எனக்குத் தண்ணிக் கதை கதைக்க வேண்டாம்!

இளையதம்பி: ஏன் குதிக்கிறாய்? நல்ல காரியம்தானே செய்தவள்.

நடராசா: அண்ணை... மழையில்லாம இந்தக் குழாய் ஈரமா நிண்டது எண்டுதானே உலகம் பரிசு தந்தது. மழையில்லாம! இவ ஒவ்வொரு நாளும் மழை பெய்ய வச்சிருக்கிறா!

இளையதம்பி: அப்ப... சேறும் உமியும்?

நடராசா: தெரியாது!

இளையதம்பி: ஒல்லாந்துக்காரர்?

நடராசா: தெரியாது!

இளையதம்பி: பேப்பரில உன்ர படம் போட்டவங்களே. மொட்டை விழுந்தது தெரியாம நல்ல வடிவாப் போட்டவங்கள்...

நடராசா: அண்ணை!

இளையதம்பி: அப்ப உன்ர பரிசில பாதி வீரம்மான்ர.

வீரம்மா: எனக்குப் பரிசு வேணாங்க.

நடராசா: எப்ப தொடக்கம் ஊத்திறியள்?

வீரம்மா: போன வருசம் ஆனி மாசத்துல இருந்துங்க.

நடராசா: ஆனியில இருந்து. சரியா மற்ற மூண்டும் காயேக்க. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. பீடாதிபதி இறங்கின உடன சொல்லவேணும். ஐயா, இது ஆராய்ச்சி இல்லை, அபிஷேகம் எண்டு சொல்லவேணும்.

இளையதம்பி: உனக்குத்தான் விசர்! காணிக் கந்தோர் ஐயாவும் பக்கத்தில நிப்பார். அவற்ர காதிலயும் விழும். இந்தச் சனத்தின்ர கதி?

நடராசா: எனக்கு மட்டும் தெரியாதோ அது?

வீரம்மா: ஹோன் சத்தம் கேக்குது.

இளையதம்பி: வந்திட்டாங்கள்! நான் றோட்டில போய் மறிக்கிறன். முதல் வீட்ட கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடுக்கிறன். நாயாத்து இறால் வாங்கி வச்சிருக்கு. ஆனா இறால் கும்பிட்டாப் பிறகுதான். தம்பி, நீ அதுக்குள்ள முகத்தைச் சரிபண்ணு. செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்காதை. வீரம்மா!

வீரம்மா: சொல்லுங்க பெரியய்யா.

இளையதம்பி: அவன் சொன்னாலும் சூலத்தில கை வைக்காதை. நான் ஓடிட்டு வாறன்.

நடராசா: பாத்துப் போங்கோ. சாரம் தடக்கும்...

வீரம்மா: பெரியய்யா போயிட்டாரு. மணியக் கழட்டிட்டேங்க. பட்டையும் மடிச்சு வச்சிட்டேன். நாலு இப்பத் தெரியுது.

நடராசா: உண்மையைச் சொல்லுங்கோ வீரம்மாக்கா. பக்தியிலயோ ஊத்தினீங்கள்?

வீரம்மா: சாமிக்குப் பக்தியிலதான் ஊத்துவாங்க.

நடராசா: நான் உங்களைக் கேக்கிறன்.

வீரம்மா: குளத்துல இருந்து இங்க தூக்கியாற தூரம் உங்களுக்குத் தெரியும். ஆவணியில குளமும் சேறா வத்திக் கெடந்துச்சு. ஊத்துத் தோண்டி, சிரட்டையில அள்ளி அள்ளிக் குடத்த நெறைக்கணும். புள்ளைங்களுக்குக் கஞ்சி வைக்கத் தூக்குற தண்ணியில ஒரு குடம் இது. பக்திக்கு ஒரு செம்பு போதுங்க.

நடராசா: அப்ப ஏன்?

வீரம்மா: நீங்கதானே சொன்னீங்க. இது காயாம நின்னா வெள்ளாமைக் காணி, காஞ்சா காட்டுக் காணின்னு. ஆனியில கோல விட்டுப் பாத்தீங்க. நுனி மட்டுந்தான் நனைஞ்சு வந்துச்சு. ஒண்ணும் பேசாமக் கோலைத் தொடைச்சு வச்சீங்க. அடுத்த தரம் அதுவும் நனையாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மறுநா குடத்தத் தூக்குனேன்.

நடராசா: கல்லு? குழை?

வீரம்மா: வெறும் குழாய்க்கு ஒருத்தி தண்ணி ஊத்திக்கிட்டு நின்னா, உனக்கு என்னடி பைத்தியமான்னு கேப்பாங்க. மொத நாளே பெரியய்யா கேட்டாரு. தண்ணி வத்துற நேரத்துல ஏன் மண்ணுக்கு ஊத்துறேன்னு கத்துனாரு. சாயங்காலம் ஒரு கல்லக் கொண்டாந்து வச்சேன். பாலைக் கொப்ப ஒண்ணு முறிச்சு வச்சேன். அதுக்கப்பறம் ஒருத்தரும் கேக்கலீங்க. இந்தப் பக்கத்து ஆளுங்க கேக்க மாட்டாங்கன்னு வந்த புதுசுலயே பாத்து வச்சிருந்தேன்.

நடராசா: அப்ப வைரவரும் பொய்.

வீரம்மா: அப்படிச் சொல்லாதீங்க. மாடு வந்துச்சே.

நடராசா: எனக்கு இப்ப அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. இது விளையாட்டில்லை அக்கா. இதைப் படிச்சுப்போட்டு வேற ஊரில வேற ஆக்கள் சேறும் உமியும் போடுவினம். காசைக் கொட்டுவினம். அங்க ஆர் குடம் தூக்கிறது?

வீரம்மா: அங்கயும் எங்கள மாதிரி யாராச்சும் இருப்பாங்க. தப்பாச் சொல்லலீங்க. இருப்பாங்கன்னு சொன்னேன்.

நடராசா: சரி, எழுத்து வருது எண்டு வையுங்கோ. ஈரம் நிக்காத காணியை வச்சு என்ன செய்யப்போறியள்?

வீரம்மா: ஊத்துன தண்ணி நிக்குதுங்க. உங்க படை அதை விடல. அது பொய் இல்ல. வானத்துல இருந்து விழுறதுதான் பத்தல. எழுத்து கைக்கு வந்தா கெணறு வெட்டிக்குவோம்.

நடராசா: இந்தக் கிறவலுக்குள்ளயோ? கீழ கல்லு.

வீரம்மா: கல்லுன்னா ஒடைப்போம். தோட்டத்துல ரோட்டுக்குக் கல்லு ஒடைச்சவதான் நான். எங்க ஆளுங்க எல்லாம் ஒடைச்சவங்கதான். ஆனா நாளைக்கு எழும்பிப் போன்னு சொல்லுற மண்ணுல எவன் கெணறு வெட்டுவான்?

நடராசா: நான் சொல்லத்தான் வேணும். பீடாதிபதியிட்டச் சொல்லாம இருக்கேலாது.

வீரம்மா: சொல்லுங்க. சொல்லிட்டு, குடிசையப் பிரிக்கையில நீங்களும் வந்து ஒரு கை புடிங்க. ஆம்பளை ஆளுங்க எங்கள்ல கொறைவு.

நடராசா: இப்பிடிக் கதைச்சா நான் என்ன செய்ய?

வீரம்மா: நான் ஒண்ணும் செய்யச் சொல்லலீங்களே.

நடராசா: சொல்லாமச் சொல்லுறியள்!

வீரம்மா: ஜீப்பு திரும்பிருச்சுங்க.

நடராசா: எங்க? தேத்தண்ணிக்கு நிக்கேல்லையோ?

வீரம்மா: நிக்கல. நேரா இங்கதான் வர்றாங்க. பெரியய்யா சாரத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடியாறாரு. முன்னுக்கு இருக்கறதுதானே அந்தக் கந்தோர் ஐயா?

நடராசா: ஓம். தொப்பி போட்டவர்.

வீரம்மா: சூலத்தப் புடுங்கவா வேணாமா? சொல்லுங்க சின்னய்யா. புடுங்குனா, நாளைக்கு நான் குடத்தோட வரும்போது கேப்பாங்க. யாருக்குடி ஊத்துறேன்னு.

நடராசா: நாளைக்கும் ஊத்தப் போறியளோ?

வீரம்மா: எழுத்து கைக்கு வர்ற வரைக்கும் ஊத்தணுமில்லீங்களா? கதவத் தொறக்குறாங்க.

நடராசா: விடுங்கோ. நிக்கட்டும். ஊர் வழக்கம் எண்டு சொல்லுவம். மணியையும் திரும்பக் கட்டிவிடுங்கோ.

வீரம்மா: சரிங்க.

நடராசா: வீரம்மாக்கா...

வீரம்மா: என்னங்க?

நடராசா: இண்டைக்கு ஊத்தினீங்களோ?

வீரம்மா: விடியவே ஊத்திட்டேங்க. போன ஆவணியில அந்தப் பாலை மரத்துக்குப் பின்னால சைக்கிளோட நின்னு, நான் ஊத்துறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அதே நேரத்துக்குத்தான்... நான் போயிட்டேன்னு நெனச்சு நீங்களும் ஒரு கொப்ப முறிச்சு வச்சீங்களே சின்னய்யா, அப்ப நான் திரும்பிப் பாத்தேன்.